குப்பையை அள்ளினா போதுமா? மண்ணுக்குள்ள இறங்கினதுக்கு யார் பொறுப்பு?

திருச்சி மக்களே!

தஞ்சாவூர் ரோட்டில் அரியமங்கலத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்தாமல் போனவர் நம்மில் யாராவது உண்டா? சுமார் 47 ஏக்கர். 50 வருஷத்துக்கு மேல் இந்த ஊர்க் குப்பை கொட்டப்பட்ட இடம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 'பயோமைனிங்' ஆரம்பித்தார்கள். சலித்து, பிரித்து, குப்பை மலையைக் குறைக்கிறார்கள். நல்லது. வரவேற்கிறோம்.

ஆனா சல்லடையில் சிக்காதது ஒண்ணு இருக்கு. இத்தனை வருஷ மழை அந்தக் குப்பையில் ஊறி, கறுப்புத் தண்ணியா கீழே இறங்கியிருக்கே, அது! திறந்தவெளிக் கிடங்குகளில் இப்படி இறங்கும் சாற்றில் அம்மோனியா, குளோரைடு, பழைய பேட்டரியின் ஈயம் வரைக்கும் இருக்கும். மேலே இருக்கிற மலை போனாலும் கீழே இருக்கிற மண் அப்படியேதான் கிடக்கும்.

"நமக்கென்ன, நாம ஆத்துத் தண்ணி குடிக்கிறோம்" என்று ஸ்ரீரங்கத்துக்காரங்க நினைக்க வேண்டாம். குழாயில் வருவது ஆற்று மணலுக்கு அடியில் கிணறு இறக்கி எடுக்கும் தண்ணீர். அதுவும் நிலத்தடி நீர்தான்! திருப்பூர் சாயக்கழிவைச் சுமந்த நொய்யல், கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலந்து, முக்கொம்பு வழியா நம்மகிட்டதான் வரணும். அங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல 2011-ல் உயர்நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

வேலூர் கதை இன்னும் மோசம். பாலாற்றங்கரைத் தோல் கழிவு வழக்கில் 'மாசுபடுத்தியவனே செலவு செய்யணும்' என்று உச்சநீதிமன்றம் சொன்னது 1996-ல். அதே பிரச்சினைக்கு அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்டது 2025 ஜனவரியில். 29 வருஷம்! நடுவில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

சட்டம் இல்லையா? இருக்கு. 2025 ஜூலையில் ஒன்றிய அரசு மாசடைந்த இடங்களுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ ஆறு மாசத்துக்கு ஒருமுறை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தரணும். வாரியம் 90 நாளில் முதல்கட்ட ஆய்வை முடிக்கணும். பட்டியல் போகலைன்னா எதுவுமே நகராது!

இதிலும் ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள். குப்பைக் கிடங்குகளுக்கு இந்த விதிகள் பொருந்தாதாம். வேறு நச்சுப் பொருள் கலந்து, அளவு வரம்பைத் தாண்டினால் மட்டும் பொருந்துமாம். தாண்டியிருக்கா இல்லையா என்று மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் எப்படித் தெரியும்?

குப்பை மாநகராட்சிக்கு, மாசு வாரியத்துக்கு, வாய்க்கால் நீர்வளத்துறைக்கு, நோய் சுகாதாரத்துறைக்கு. பங்கு பிரிச்சாச்சு. மண்ணுக்கு அடியில் இருக்கிற தண்ணி மட்டும் யாருக்கும் சொந்தமில்லையா?

நாங்கள் கேட்பது நாலே நாலு:

1. இத்தனை துறைகளையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, கலெக்டர் தலைமையில் ஒரு கூட்டுக்குழு.
2. கிடங்கைச் சுற்றியுள்ள போர், கிணற்றுத் தண்ணீருக்கும் மண்ணுக்கும் பரிசோதனை. முடிவுகள் வார்டு அலுவலக வாசலில், தமிழில்.
3. அடுத்த பட்டியலில் அரியமங்கலம்.
4. தண்ணீர் கெட்டுப்போன வீடுகளுக்கு அதுவரை இலவசக் குடிநீர்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. பொதுமக்கள் புகார் கொடுத்தாலும் இடத்தைப் பட்டியலில் சேர்க்க அந்த விதிகளிலேயே வழி உண்டு. உங்க வீட்டு போர் தண்ணி நிறமோ வாடையோ மாறியிருந்தா, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்க. மறக்காம ஒப்புகைச் சீட்டு வாங்குங்க. ஒரு மனுவை ஓரமா வைக்கலாம். ஒரு வார்டே வரிசையில் நின்னா?

பகிருங்கள். பக்கத்து வீட்டையும் கூட்டிட்டு வாங்க.

#அரியமங்கலம் #மண்ணைக்காப்போம் #திருச்சி