மெஷினையும் நேரத்தையும் திட்டாதீர்கள்

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் தங்கை மகன் வேப்பங்கிளை அறுக்கும்போது செயின் ரம்பம் தொடையில் இறங்கிவிட்டது. ஒன்பது தையல். பார்க்க வந்தவர்கள் சொன்னது இரண்டே: "நேரம் சரியில்லை", "மெஷின் சரியில்லை". இரண்டும் பொய். சரியில்லாதது செயின்.

2018 கஜா புயலுக்குப் பிறகு நம் ஊரில் பலர் இந்த ரம்பத்தை வாங்கினோம். ஓட்டக் கற்றோம், பராமரிக்கக் கற்கவில்லை.

கூரான செயின் மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கியது மாவாகக் கொட்டும். மாவு கொட்டினால் நிறுத்த வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? இன்னும் அழுத்துகிறோம். கிளை சட்டென்று அறுபட்டதும் அந்த விசை எங்கே போகும்? எட்டாம் வகுப்பில் நடத்தினேனே!

அரம் போடுவதிலும் அலட்சியம். .325 அங்குல பிட்ச் செயினுக்கு 4.8 மி.மீ. உருட்டு அரம். கையில் கிடைத்த அரமெல்லாம் ஆகாது. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டு ஒரு பக்கம் வளையும். பல்லுக்கு முன்னால் உள்ள மேட்டைக் கண்டபடி தேய்த்தால் பல் மரத்தைக் கவ்வும், ரம்பம் உதைக்கும்.

மாட்டும்போது பாரின் மேல்பக்கத்தில் பல்லின் கூர் நுனியை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினாலும் சுற்றும், ஆனால் அறுக்காது, புகைதான் வரும். பாரின் நுனியைத் தூக்கிப் பிடித்து முறுக்குங்கள். செயின் அடியில் தொங்கக் கூடாது. கையுறை போட்டு இழுத்தால் சுற்ற வேண்டும். சூட்டில் முறுக்கிய செயினை வேலை முடிந்ததும் தளர்த்துங்கள். ஆறினால் சுருங்கி பாரையும் கிராங்க் தண்டையும் கெடுக்கும். பைக்கில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றாதீர்கள்.

"வாத்தியாருக்கு ரம்பத்தில் என்ன வேலை?" என்பீர்கள். ஓய்வு பெற்றதிலிருந்து என் தோப்பில் நான்தான் அறுக்கிறேன்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அன்று திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். மாவு கொட்டுவதைப் பார்த்தேன். வளர்ந்த பிள்ளை, கோபித்துக்கொள்வான் என்று வாயை மூடிக்கொண்டேன். முப்பது வருடம் வகுப்பில் அதட்டியவன், அதட்ட வேண்டிய நேரத்தில் அதட்டவில்லை. அதனால்தான் இப்போது உங்களை அதட்டுகிறேன்.

அடுத்த முறை ரம்பத்தை எடுக்கும் முன் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, வெளிச்சத்தில் பல்லைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வாருங்கள். அரம் இருக்கிறது, டீயும் உண்டு.