ஒட்டுவதற்கு முன் திருப்பிப் பாருங்கள்

போன மாதம் எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் விரிந்துவிட்டது. ரிடையர் ஆன மனுஷன் சும்மா இருப்பேனா? பசை தடவி, மேலே எம்-சீல் பிசைந்து அப்பி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்து வாசலில் போட்டேன். பார்க்கக் கல் மாதிரி இருந்தது. மறுநாள் சாயங்காலம் அதில் உட்கார்ந்த என் மனைவி கீழே விழுந்துவிட்டாள். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. மணிக்கட்டு வீக்கம் வடியப் பத்து நாள் ஆயிற்று.

"புதுசு ஒண்ணு வாங்கியிருக்கலாமேங்க" என்று மட்டும்தான் சொன்னாள்.

உடைந்ததைச் சரிசெய்யும் பழக்கத்தை நான் விடப்போவதில்லை. ஆனால் எது ஒட்டும், எது ஒட்டாது என்று தெரியாமல் செய்தால் அதற்குப் பெயர் சிக்கனம் இல்லை, வீம்பு.

நண்பர்களே, முதலில் பொருளைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரோப்பிலீன். நாற்காலிகள் பெரும்பாலும் இதுதான். 2 என்றால் கெட்டிப் பாலிஎத்திலீன். இரண்டும் மெழுகு போல வழவழப்பு. சாதாரணப் பசை எதுவும் பிடிக்காது. காய்ந்தபின் ஏடாக உரிந்து வரும். இதற்கு மூலப்பொருளான புரோப்பிலீன் நம் மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் கிடைக்கிற சரக்கு. அந்த வாசத்திலேயே இத்தனை வருஷம் வாழ்ந்தும் எனக்கு இது தெரியவில்லை!

தெருவில் குடம் அடைக்க வருகிறவருக்குத் தெரிந்திருந்தது. 2003 தண்ணீர்ப் பஞ்சத்தில் லாரிக்காகக் குடங்கள் வரிசையில் நின்றபோது, அவர் பசையைத் தொட்டதே இல்லை. கம்பியைக் காய்ச்சி, அதே ஜாதிப் பிளாஸ்டிக் துண்டை உருக்கி ஓட்டையை அடைப்பார்.

ரிமோட், ரேடியோ போன்றவற்றின் கெட்டியான பிளாஸ்டிக்கில் பெவிக்விக் நன்றாகவே பிடிக்கும். துண்டு தொலைந்த இடத்தில் ஆப்ப சோடாவைத் தூவி ஒரு சொட்டு விட்டால் நொடியில் இறுகிவிடும். சூடும் புகையும் கிளம்பும். ஜன்னலைத் திறந்து, முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். பிறகு உப்புத்தாளால் தேய்த்தால் சமமாகிவிடும்.

ஆள் பாரம் தாங்குவது, அடுப்புச் சூடு படுவது, கரண்ட் ஓடுவது: இவற்றை மட்டும் ஒட்டாதீர்கள்.

பழைய நாற்காலி காயலான்கடைக்குப் போய்விட்டது. புதியது வந்துவிட்டது. ஆனாலும் உட்காருவதற்கு முன் என் மனைவி அதை ஒருமுறை அழுத்திப் பார்க்கிறாள்.