தட்டு நிறைஞ்சிருச்சு… மைதானத்து பூட்டை எப்போ திறக்கப் போறோம்?

தோழர்களே,

பிள்ளைகளுக்குச் சோறு போடுறதுல தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1920-லேயே நீதிக்கட்சி தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கு பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. 1956-ல் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவுபடுத்தினார். 1989-ல் கலைஞர் முட்டை சேர்த்தார். ஜெயலலிதா ஆட்சியில் கலவை சாதம் வந்தது. 2022-ல் காலை உணவும் வந்துவிட்டது. யார் நல்லது செய்தாலும் அதை நல்லதுன்னு சொல்றதுல நமக்குத் தயக்கமே கிடையாது.

ஆனா இன்னொரு கணக்கையும் பார்க்கணும்.

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 5 வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளில் 57 பேருக்கு ரத்தசோகை. நான்கில் ஒரு குழந்தைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்லுது: 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 40 பேருக்கும், ஆண்களில் 37 பேருக்கும் உடல் எடை அதிகம்.

அதாவது ஒரே தெருவில், பல நேரம் ஒரே வீட்டில், பிள்ளைக்கு ரத்தம் இல்லை. அப்பா அம்மாவுக்கு எடை கூடிப்போச்சு. பின்னாடியே சர்க்கரையும் பிரஷரும் வருது. பள்ளிக்கூடத் தட்டை மட்டும் வெச்சு இதைச் சரிசெய்ய முடியாது. குடும்பத்தையே உள்ளே கொண்டு வரணும்.

5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியா 60 நிமிஷமாவது ஓடி ஆடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம பிள்ளைக்கு எங்கே இருக்கு அந்த 60 நிமிஷம்? பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் கடன் வாங்கிட்டுப் போயிடுறார். சாயங்காலம் டியூஷன். தெருவுல இறங்கினா பைக்கும் காரும். ஊர்ல இருக்கிற ஒரே நல்ல மைதானம் அரசுப் பள்ளி மைதானம். மணி அடிச்சதும் அதுக்கும் பூட்டு!

நம்ம கோரிக்கை இதுதான். தினமும் மாலை 5 முதல் 7 வரை அரசுப் பள்ளி மைதானங்களை, குழந்தைகளுக்கும் அவங்க குடும்பத்துக்கும் திறந்து விடுங்க.

உடனே ஒரு எதிர்ப்பு வரும்: "திறந்து விட்டா குடிகாரன் உள்ளே வந்து பாட்டிலை உடைச்சுப் போட்டுட்டுப் போவான்." தலைமை ஆசிரியர்கள் சும்மா சொல்லலை, காலையில கண்ணாடித் துண்டைப் பொறுக்குறது அவங்கதான். ஆனா யோசிச்சுப் பாருங்க, பூட்டின மைதானத்துலயும் சுவர் ஏறிக் குதிச்சு குடிக்கத்தானே செய்யுறான்? நூறு குடும்பம் நடமாடுற இடத்துல உட்கார்ந்து குடிக்க அவனுக்குத்தான் கூச்சம் வரும். சாவி பள்ளி மேலாண்மைக் குழுகிட்ட இருக்கட்டும். நாலு விளக்கு, ஒரு காவலாளி, குடிதண்ணி, கழிப்பறை. இதுக்கான செலவை உள்ளாட்சி ஏத்துக்கணும், ஆசிரியர் தலையில கட்டக் கூடாது.

திறந்தா மட்டும் போதாது. அப்படியே விட்டா அந்த இடத்தை பையன்கள் கிரிக்கெட் ஆடியே நிரப்பிடுவாங்க. வயசுக்கு வந்ததும் நம்ம பொண்ணுங்க மைதானத்தை விட்டே வெளியேறிடுறாங்க. அதனால பெண் பிள்ளைகளுக்கும் அம்மாக்களுக்கும்னு தனி நேரம், தனிப் பகுதி வேணும். கோ-கோ, த்ரோபால், ரிங் ஆடட்டும். பாட்டி நாலு சுத்து நடக்கட்டும்.

வாரத்துல ஒரு நாள் அங்கேயே அங்கன்வாடி பணியாளரும் மகளிர் குழுவும் சேர்ந்து சமைச்சுக் காட்டணும். அரசு கொடுக்கிற சத்துமாவு பாக்கெட், பிள்ளைக்குப் பிடிக்கலைன்னு பல வீட்டுல மூலையில கிடக்குது. அதையே கொழுக்கட்டையா, அடையா செஞ்சு கொடுத்தா சாப்பிடும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா, உணவில் இருக்கிற இரும்புச்சத்து உடம்புல சரியா சேராது. கீரையில எலுமிச்சை பிழிஞ்சா நல்லா சேரும். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கோம்? அஞ்சு ரூபா பாக்கெட்டை வாங்கிக் கொடுக்கிற அம்மாவைத் திட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை. வேலைக்குப் போயிட்டு ஆறு மணிக்கு வர்றவங்களுக்கு அதுதான் கைக்குக் கிடைக்குது. அந்த நேரத்துல மைதான வாசல்ல ஒரு மகளிர் குழு சுண்டலும் கடலை மிட்டாயும் வித்தா, பிள்ளைக்கும் சத்து, குழுவுக்கும் வருமானம்.

தோழர்களே, இதை போஸ்ட் போட்டு லைக் வாங்குறதோட விட்டுடாதீங்க. அடுத்த கிராம சபைக்குப் போங்க. கட்சித் துண்டைக் கழட்டி வெச்சுட்டு, ஊர்க்காரரா எழுந்து நின்னு, "எங்க பள்ளி மைதானத்தை மாலையில திறக்கணும்"னு தீர்மானம் கொண்டு வாங்க. நகரத்துல இருக்கிறவங்க உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட மனு கொடுங்க. எந்தக் கட்சி கவுன்சிலரா இருந்தாலும் பரவாயில்லை. திறந்த அன்னிக்கு முதல் ஆளா உங்க வீட்டுப் பிள்ளையையும் அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க.

நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பள்ளியில வெச்ச தட்டு, இன்னிக்கு மாநிலம் முழுக்க நிறைஞ்சிருக்கு. மைதானமும் அப்படித்தான் ஒரு ஊர்ல ஆரம்பிக்கும். அது உங்க ஊரா இருக்கட்டும்!

உங்க ஊர் பள்ளி மைதானம் மாலையில திறந்திருக்கா, பூட்டியிருக்கா? ஊர் பேரோட கமெண்ட்ல சொல்லுங்க.

#மைதானத்தைத்_திறங்க #பிள்ளைகள்_நலம்