உலைச்சுவர் எத்தனை அங்குலம்?

தொழில் என்றதும் பெரிய ஆலைகளும் வானளாவும் புகைபோக்கிகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஊர்க்கோடியிலுள்ள கொல்லர் பட்டறை நினைவுக்கு வருவதில்லை. இது நம் கல்வியின் குறை என்பேன்.

எங்கள் கங்காதர நெல்லூர்ப் பக்கம் கரும்பும் நிலக்கடலையும் விளையும் பூமி. கரும்பு வெட்டும் கத்திக்கும் களைக்கொட்டுக்கும் கொல்லர் கைதான் வேண்டும். கரியை விட்டு எரிவாயுவுக்கு மாற விரும்பும் கொல்லர், இரும்புக் குழாய்த் துண்டொன்றின் உட்புறம் வெப்பம் தாங்கும் சுவர் அமைத்துச் சிற்றுலை ஒன்றைத் தாமே செய்துகொள்ளலாம். சுவர் எவ்வளவு கனம் இருக்கவேண்டும் என்பதே முதற்கேள்வி. “கனம் கூடினால் நலம் கூடும்” என்பது பலரும் தரும் விடை. அதை நான் ஏற்கவில்லை.

கணக்கிட்டுப் பார்ப்போம், நண்பர்களே! உலையின் உள்விட்டம் 15 செ.மீ., நீளம் 30 செ.மீ., உள்வெப்பம் 1200 டிகிரி, வெளிப்புறம் 100 டிகிரி என்று கொள்வோம். சுவர் செராமிக் இழைக் கம்பளம். அதன் வெப்பங்கடத்துந் திறன் ஏறத்தாழ 0.2. ஓர் அங்குலக் கனமானால் சுவர் வழியே ஏறத்தாழ 1,400 வாட் வெளியேறும். இரண்டு அங்குலமானால் 800. மூன்று அங்குலமானால் 600. இரண்டாம் அங்குலம் 600 வாட்டை மிச்சப்படுத்துகிறது. மூன்றாம் அங்குலமோ 200 மட்டுமே. சுவர் தடிக்கத் தடிக்க உருளையின் வெளிப்பரப்பும் விரிகிறது, செலவும் கூடுகிறது.

இனி வாயிலைப் பாருங்கள். பத்துக்குப் பத்து செ.மீ. அளவில் திறந்து கிடக்கும் வாய் வழியாக, அதே வெப்பநிலையில், கதிர்வீச்சால் மட்டும் 2,500 வாட்டுக்கு மேல் போய்விடும்! வாயிலைத் திறந்து வைத்துவிட்டுச் சுவரைத் தடிப்பாக்குவது ஓட்டைக் குடத்துக்குப் பொன்முலாம் பூசுவதன்றி வேறென்ன?

கனத்த நெருப்புச் செங்கல் போதாதா என்று கேட்பர் சிலர். அது கம்பளத்தைப் போலப் பன்மடங்கு வெப்பத்தைக் கடத்தும். மேலும், தான் சூடேறவே நெடுநேரம் எரிவாயுவைக் குடிக்கும். காலை முதல் மாலை வரை ஓயாது எரியும் உலைக்கு அது பொருந்தலாம். நாளுக்கு ஒரு மணி நேரம் வேலை செய்யும் பட்டறைக்குப் பொருந்தாது.

ஆகவே என் கருத்து இது: இரண்டு அங்குலக் கம்பளம், அதன்மேல் அரை அங்குலம் வெப்பம் தாங்கும் காரை, வாயிலுக்கு நகர்த்தக்கூடிய செங்கல் கதவு. காரை அழகுக்கன்று. இரும்பைப் பற்றவைக்க இடும் வெங்காரம் உருகி இழையை அரித்துவிடும். காரை அதைத் தடுக்கும். இழைத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வைத்துள்ளது. காரை பூசாத உலை, தன்னை ஊதும் கொல்லரின் நுரையீரலையே விலையாகக் கேட்கும். வீட்டு அடுப்புக்குரிய 14.2 கிலோ உருளையைப் பட்டறையில் வைக்கச் சட்டம் இடந்தராது. 19 கிலோ வணிக உருளையே முறை. பட்டறைக்குக் காற்றோட்டமும் இன்றியமையாதது.

இவையெல்லாம் நமக்குப் புதியனவா? கொடுமணலில் உலைகளின் தடயங்கள் கிடைத்துள்ளன. தென்னாட்டு எஃகு வார்த்த பழங்கொல்லர், மூசை செய்யும் களிமண்ணில் உமியைக் கலந்தனர். எவ்வளவு மண், எவ்வளவு உமி என்பதை அவர்கள் சோதித்தே அறிந்திருக்க வேண்டும். “கூட்டிப் போட்டால் நலம்” என்று அவர்கள் வாளாவிருந்திருந்தால் உலகம் புகழ்ந்த எஃகு பிறந்திராது.

வெப்பங்கடத்தலைத் தேர்வுக்காகப் படித்து, தேர்வு முடிந்ததும் மறக்கிறோம். அதே பாடம் ஒரு கொல்லரின் வாரச் செலவைக் குறைக்கும். அவர் மூச்சையும் காக்கும். விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்களே, ஓர் அளவுகோலும் ஒரு குறிப்பேடும் எடுத்துச் செல்லுங்கள். பட்டறைக்குள் நுழையுங்கள். முதலில் கேளுங்கள்; பிறகு அளந்து பாருங்கள்; அதன் பின்னரே சொல்லுங்கள்.