கினிப் பன்றி முயல் இல்லீங்க!

முயலுக்குப் பக்கத்துக் கூண்டில் விற்கிறார்கள். அதனால் கினிப் பன்றியும் ஒரு வகை முயல்தான் என்று வாங்குகிறவர்களும் முடிவு கட்டிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் முயல் தீவனம், மிச்சச் சோறு, ஆசைக்கு ஒரு பிஸ்கெட். முசிறிப் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம், வாழைப்பழம்! காவிரிக் கரையில் அதற்கென்ன பஞ்சம்? சில வாரம் கழித்து அது பின்னங்காலை இழுத்துக்கொண்டு மூலையில் முடங்கினால், "வெயில் ஒத்துக்கலை" என்று பழி வெயில் மேல்.

வெயிலைத் திட்டுவதற்கு முன்னால் தட்டைப் பாருங்கள்.

1907-ல் நார்வேயின் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் இருவரும் கினிப் பன்றிகளைத் தானியமும் ரொட்டியும் மட்டுமே கொடுத்து வளர்த்தார்கள். ஸ்கர்வி நோய் வந்தது. முட்டைக்கோஸ் சேர்த்ததும் அது தடுக்கப்பட்டது. விஷயம் வைட்டமின் சி என்பது பின்னாளில் தெரிந்தது. முயல் அதைத் தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். கினிப் பன்றியால் (மனிதனைப் போலவே) முடியாது. முயல் தீவனத்தை நம்ப முடியாததும் இதனால்தான். சோறும் ரொட்டியும் போட்டு வளர்க்கும் வீடு, 1907-ல் முடிந்துபோன சோதனையைத் திரும்ப நடத்துகிறது. அவர்களுக்காவது விடை முன்பே தெரியாது!

"அதான் பழம் கொடுக்கிறோமே..." என்பார்கள். சரி, கணக்குப் போடலாம். ஒரு கிலோ எடையுள்ள கினிப் பன்றிக்கு தினம் குறைந்தது 10 மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும். சினையாக இருந்தால் 30 வரை. 100 கிராம் வாழைப்பழத்தில் இருப்பது சுமார் 9 மில்லிகிராம், கூடவே 12 கிராம் சர்க்கரை. 60 கிலோ ஆள் தினம் 6 கிலோ பழம் தின்கிற கதை இது. புல்லுக்கென்று அமைந்த குடல் தாங்குமா? வயிறு உப்பும், கழிச்சல் வரும். வாந்தி எடுக்கவும் அதற்கு வராது.

பச்சைக் குடைமிளகாய் 20 கிராமில் சுமார் 16 மில்லிகிராம் கிடைக்கிறது, சர்க்கரை சொற்பம். கொத்தமல்லித் தழையும் நல்லது. முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச் சத்து அதிகம், தினம் போட்டால் சிறுநீர்ப்பையில் கல் சேரலாம். பழம் என்றால் விதை நீக்கிய கொய்யாவில் கட்டைவிரல் நகம் அளவு, வாரம் ஒன்றிரண்டு முறை. உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு, அவகாடோ கூடவே கூடாது. புதுக் காய் எதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். கழுவிப் போட்டு, மிச்சத்தை வாடும் முன் எடுத்துவிட வேண்டும்.

இதெல்லாம் தொடுகறிதான். முக்கியச் சாப்பாடு புல். மருந்து அடிக்காத இடத்தில் அறுத்த அறுகம்புல்லோ உலர்புல்லோ எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். சாகும் வரை வளரும் பல் அதை மென்றுதான் தேய வேண்டும்.

"போட்டா சாப்பிடுதே" என்பது பதிலே இல்லை. குழந்தை மிட்டாயையும்தான் சாப்பிடும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018-ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளில் முயலும் கினிப் பன்றியும் தனித்தனியாகத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. சட்டத்துக்கே தெரிந்த வித்தியாசம் கடைக்காரருக்குத் தெரிய வேண்டாமா? வாங்குகிறவர்களும் விலையை மட்டும் பேரம் பேசாமல், என்ன தின்னும் என்று கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியது நொண்டினால் வெயில் தணியட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போங்கள்.