மலையில் தங்கும் பணம் எது?

வெளிநாட்டு முதலீடு வந்தால் கொல்லிமலை வளர்ந்துவிடும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. வந்த பணம் என்ன செய்தது என்பதை மலை விவசாயிகள் ஏற்கெனவே பார்த்தவர்கள்தான்.

மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டிலிருந்தும் இங்கிருந்தும் பாக்சைட் போனது. இத்தாலிய நிறுவனத்தின் கூட்டுடன் 1960-களில் தொடங்கிய ஆலை அது. 1995-இல் ஸ்டெர்லைட் வசமாகி, பின்னர் லண்டன் பங்குச் சந்தையில் பணம் திரட்டிய வேதாந்தா குழுமத்தில் சேர்ந்தது. ஆலையும் நிரந்தர வேலையும் மேட்டூரில்; மலையில் நடந்தது வெட்டி லாரியில் ஏற்றும் வேலை. 2008-இல் மேட்டூரில் அலுமினிய உற்பத்தி நின்றது. மலைக்கு மிஞ்சியது தோண்டிய நிலம்.

இன்னொரு வெளிநாட்டுப் பணமும் வந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கு செய்த சிறுதானியப் பணிக்கு ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியமும், பின்னர் கனடாவும் நிதி தந்தன. இது முதலீடு அல்ல, உதவி நிதி. ஆனாலும் ஊருக்குள் உமி நீக்கும் இயந்திரம் வந்தது. சாமையை உரலில் போட்டுக் குத்திய பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது குத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். குழுக்கள் அரிசியாக்கி, மாவாக்கி விற்றன. இருந்தும், மரவள்ளி பிடித்துக்கொண்ட சாமை நிலம் பழையபடி திரும்பவில்லை. கைக்கு ரொக்கம் தருவது மரவள்ளி. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கிழங்குக்குப் பாயிண்ட் பார்த்து விலை வைப்பது அடிவாரத்து சேகோ ஆலை. உள்ளூர் முதலாளியாக இருந்தாலும் கதை பாக்சைட் கதைதான்.

ஆகவே பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைவிட, பொருள் எந்த நிலையில் மலையை விட்டு இறங்குகிறது என்பதையே நான் பார்ப்பேன்.

இது இப்போது ஏன் முக்கியம்? 2015 நவம்பரில் மத்திய அரசு காபித் தோட்டத்தில் 100 சதவீத அந்நிய முதலீட்டை அனுமதித்தது. இங்கு காபியும் மிளகும் பெரும்பாலும் சிறு விவசாயிகள் கையில். நிலத்தைக் கேட்டு வருபவரும் உண்டு, விளைச்சலைக் கேட்டு வருபவரும் உண்டு. நிலம் கேட்பவருக்கு இல்லை என்று சொல்லிவிடலாம். விளைச்சல் கேட்பவரிடம் பேசலாம்: பழமாகவே வாங்குவாரா, தோல் நீக்கிப் பார்ச்மென்டாக்கும் இயந்திரத்தையும் உலர்களத்தையும் மலையிலேயே அமைப்பாரா? விலை எந்தச் சந்தையை ஒட்டியது? விரிவாக்கப் பணியாளர்கள் ஒப்பந்தத் தாளை, கையெழுத்துக்கு முன்பே விவசாயிக்கு வரிவரியாக வாசித்துக் காட்ட வேண்டும். எடை போடும் இடம் சோளக்காடா, காரவள்ளியா என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.