உருண்டையாக இருந்தால் அசலா?

"அக்கா, நல்லா உருண்டையா இருக்கு பாருங்க, அசல் முத்து." புக்கிட் மெர்தாஜாம் நகைக்கடைகளில் பல வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு எரிச்சல்தான் மிச்சம். கோணல் முத்தைக் கேட்டால், "அது கழிச்சல்" என்று தட்டை இழுத்துக்கொள்கிறார்கள்.

உருண்டை எதற்கும் சாட்சி அல்ல. இன்று விற்கும் முத்துகளில் பெரும்பாலானவை வளர்ப்பு முத்து. கடல் முத்துக்கு, அமெரிக்க ஆற்று மட்டியின் ஓட்டைக் கடைந்து மணியாக்கி, துளி தசையோடு சிப்பிக்குள் பதிக்கிறார்கள். சிப்பி அதன்மேல் பூச்சு ஏற்றுகிறது. உள்ளே இருப்பது உருண்டை என்பதால் வெளியிலும் உருண்டை. மலிவான அக்கோயா கடல்முத்துச் சரத்தில் அந்தப் பூச்சு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கோத்த துளையில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: விளிம்பில் மினுங்கும் மெல்லிய தோல், அதற்குள் மங்கலான மணி, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. மணியே இல்லாமல் விளையும் கேஷி முத்து பெரும்பாலும் கோணலாகத்தான் வரும். ஆனால் அது முழுக்க முழுக்கச் சிப்பி சுரந்த பொருள். அதைத்தான் கழிச்சல் என்கிறார்கள்! பிளாஸ்டிக் மணியோ அப்பழுக்கில்லாத உருண்டை.

இயற்கை முத்திலும் உருண்டை அபூர்வம். உருண்டையும் ஒளியும் குறையாத ஆணிமுத்துக்கு அவ்வளவு விலை அதனால்தான். ஆணி அல்லாததை அந்நாளைய மன்னார் முத்து வியாபாரிகள் போலி என்று ஒதுக்கவில்லை. 20 துளை முதல் 1000 துளை வரை உள்ள பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலித்து அளவு பிரித்தார்கள். பிறகு உருவம், ஒளி, அளவு பார்த்து மடங்கு, வடிவு, தூள் என்று தரத்துக்கொரு பெயரும் விலையும் வைத்தார்கள். வளர்ப்பு முத்தின் முன்னோடியான ஜப்பானின் மிக்கிமோட்டோ 1893இல் முதலில் விளைவித்ததும் ஓட்டோடு ஒட்டிய அரைமுத்துதான்.

வெள்ளைதான் அசல் என்பவர்களுக்கு டஹிட்டிக் கருமுத்தே போதுமான பதில். பல்லில் தேய்த்தால் நறநறக்கிறதே என்றால், வளர்ப்பு முத்தும் நறநறக்கும். பிளாஸ்டிக்கைக் கண்டுபிடிக்க மட்டும் அது உதவும்.

கடலில் விளைந்ததா நன்னீரிலா, உள்ளே மணி உண்டா, பூச்சு எவ்வளவு கனம்: இவற்றைக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடை, பில்லில் 'அசல்' என்று எழுதித் தரக் கூடாது.